'சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்!' - மிரட்டல் எங்கே தொடங்குகிறது?

"கடை நல்லா ஓடுது போல?"

"ஏதோ ஓடுதுண்ணா."

"பெரிய பொண்ணு இப்ப டென்த்தா? ஸ்கூல் விட்டு தனியாதான் வருது. பாத்தேன்."

பேச்சு அவ்வளவுதான். வந்தவர் ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடித்தார். காசு கொடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுச்சேரி நேரு வீதியில் இருந்து பிரியும் ஒரு சந்தில் ஜூஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது இது. அதற்கு முந்தைய வாரம்தான், 'விழா நன்கொடை' என்று ரசீதே இல்லாமல் வந்து நின்றவர்களிடம், "இந்த வருஷம் முடியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"மிரட்டினாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மிரட்டலைம்மா... விசாரிச்சான். ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல."

வந்தவர் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. 'வெட்டுவேன், குத்துவேன்' இல்லை. பேப்பரில் எழுதிப் படித்தால், பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாக விசாரித்ததுபோல்தான் இருக்கும். ஆனால், கேட்டவருக்குத் தூக்கம் போய்விட்டது. இது மிரட்டலா, இல்லையா? தமிழ் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது? இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

மாடு மிரளும், டீசர் மிரட்டும்

உருள் என்றால் தானாக உருள்வது. உருட்டு என்றால் இன்னொருவர் உருட்டுவது. சுருள் - சுருட்டு, திரள் - திரட்டு. அதே வரிசையில்தான் மிரள் - மிரட்டு. அதாவது 'மிரட்டல்' என்ற சொல்லுக்குள்ளேயே மிரள்கிற ஒருவர் ஒளிந்திருக்கிறார். மாடு மிரள்வதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதை அடித்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு குடையை டப்பென்று விரித்தால் போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அடி விழவில்லை, விழும் என்ற நினைப்பே வேலையை முடித்துவிடுகிறது.

'அச்சுறுத்தல்' கொஞ்சம் வேறு ஜாதகம். அதற்கு ஆள் தேவையில்லை. கடல் அரிப்பு அச்சுறுத்தல், டெங்கு அச்சுறுத்தல் என்று எழுதுகிறோம். மிரட்டலுக்கு எப்போதும் ஓர் ஆள் வேண்டும். 'பயமுறுத்தல்' பெரும்பாலும் குழந்தைகள் வரைக்கும்தான்: பூச்சாண்டி வரான், சாப்பிடு. 'உருட்டல் மிரட்டல்' என்று இரண்டையும் சேர்த்தால் அதிகாரி, போலீஸ், பைனான்ஸ்காரர் என்று யாரோ எதிரில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். (இப்போது 'உருட்டு' தனியாகப் பிரிந்து போய் 'பொய் சொல்வது' ஆகிவிட்டது. அது வேறு கதை.) யாழ்ப்பாணத் தமிழில் 'வெருட்டுறது' என்ற சொல் இன்னும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. 'வெரு' என்றால் அச்சம். திருக்குறளின் 57-வது அதிகாரத்தின் பெயரே 'வெருவந்த செய்யாமை'. குடிமக்கள் நடுங்கும்படி நடந்துகொள்ளாதே என்று ஆட்சியில் இருப்பவருக்குச் சொல்லும் பத்துக் குறள்கள். அரசனுக்குத்தான் அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

'இன்டிமிடேஷன்' இந்த ஊருக்கு இரண்டு வழியிலும் வந்த சொல். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் மாறும். பிரெஞ்சில் 'ஏந்திமிதாசியோன்' மாதிரி ஒலிக்கும். மூலம் லத்தீனில் 'பயந்தவர்' என்று பொருள்படும் ஒரு சொல். ஆக, ஒருவரைப் பயந்தவராக ஆக்குவது. நம் 'மிரள் - மிரட்டு' கணக்கேதான்.

இங்கே டிஜிட்டல் டெஸ்க்கின் சார்பில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 'மிரட்டல் டீசர்', 'வில்லனாக மிரட்டிய நடிகர்', 'மிரட்டும் ஃபெஞ்சல்' என்று நாங்களே ஒரு நாளைக்குப் பத்து தடவை இந்தச் சொல்லைத் தலைப்பில் செலவழிக்கிறோம். இப்போது 'மிரட்டிட்டான்' என்றால் பாராட்டு. பாதிப் பேருக்கு அது ஒரு த்ரில். அதே பக்கத்தில் கீழே, 'வியாபாரிக்கு மிரட்டல்' என்று ஒரு நான்கு வரிச் செய்தி வந்தால், அதன் எடை குறைந்துபோவதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆபீஸ்களில் இன்னொரு உபயோகம் ஓடுகிறது. "அவங்க ரொம்ப இன்டிமிடேட்டிங்." இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவங்க மிரட்டுறாங்க' என்று சொல்ல முடியாது, அவர் எதுவும் செய்யவில்லை. "அவங்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு" என்றுதான் வரும். தமிழ் பயத்தை 'எனக்கு' என்ற இடத்தில் வைத்துவிடுகிறது. ஆங்கிலம் அதை எதிரில் இருப்பவரின் குணமாக மாற்றிவிடுகிறது. நான் கேட்ட வரையில், இந்த அடைமொழி அதிகம் ஒட்டப்படுவது வேலை தெரிந்த, மீட்டிங்கில் கேள்வி கேட்கிற பெண்கள் மீதுதான். அதே கேள்வியை ஆண் கேட்டால் 'ஷார்ப்'. இதை மிரட்டல் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மக்கள் ஓட்டுப் போடாமல் இணைந்த ஊர்

புதுச்சேரிக்காரர்களிடம் ஒரு க்விஸ் கேள்வி. இந்தியாவோடு இணைவதா, பிரான்ஸோடு இருப்பதா என்று இந்த ஊர் மக்கள் எந்தத் தேதியில் ஓட்டுப் போட்டார்கள்?

பதில்: போடவே இல்லை.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் மக்களே வாக்கெடுப்பு மூலம் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யட்டும் என்பது ஏற்பாடு. கல்கத்தா பக்கத்தில் இருந்த சந்திரநாகூரில் அது நடந்தும் முடிந்தது. 1949 ஜூன் 19 அன்று அங்கே இந்தியாவுக்கு ஆதரவாக 7,463 வாக்குகள், எதிராக வெறும் 114. மற்ற நான்கு பகுதிகளுக்கும் (புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்) அடுத்து நடக்க வேண்டியது.

நடக்கவில்லை. ஏன்? பெரிய காரணங்களில் ஒன்று, இந்தக் கட்டுரையின் தலைப்பு.

அந்தக் காலத்துப் புதுச்சேரித் தேர்தல் எப்படி இருந்தது என்று கேட்டால், குண்டர்கள் இல்லாமல் கதை நகராது. ஆள்மாறாட்டம், வாக்குச்சாவடியை ஒரு கோஷ்டி மடக்கிக்கொள்வது, எதிர்த்தரப்புக்காரர்கள் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல் இப்படித்தான் நடந்தது என்பது அன்றைய எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950-ல் தீ வைத்து எரிக்கப்பட்டது. இன்று ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான், சுப்பையா சாலை. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தீ தெரியும் என்று தெரியவில்லை.

ஒரு வீட்டை எரித்தால் எரிந்தது ஒரு வீடுதான். அதைப் பார்த்தவர்கள் எத்தனை வீட்டுக்காரர்கள்? மறுநாள் அந்தத் தெருவில் யாரிடமும் போய், 'நீ இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாதே' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஜூஸ் கடை அண்ணனிடம் வந்தவரும் அப்படித்தான் எதையும் சொல்லவில்லை.

1951-ல் சர்வதேச நீதிமன்றத்தின் வழியாகத் தேர்வான நடுநிலைப் பார்வையாளர்கள் இங்கே வந்தார்கள். வாக்கெடுப்பு நடத்தலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் இங்கே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. 'சூழல்' என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1949-ல் இந்தியா சுங்க ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிச் சோதனைச் சாவடிகளைப் போட்டது. அரிசிக்கும் துணிக்கும் வெளியே இருந்து வரும் சரக்கை நம்பியிருந்த ஊர் இது. பிரெஞ்சுத் தரப்பு இதைத்தான் நெருக்கடி கொடுப்பது என்றது. அரசுகளுக்கு இடையில் நடந்தால் அதற்குப் பெயர் 'அழுத்தம்'. தெருவில் நடந்தால் 'மிரட்டல்'.

கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் தாண்டி இருக்கும் கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் மட்டும் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. ஆண்டுதோறும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். ஆக, ஓர் ஊரே தன் தலையெழுத்துக்குத் தானே ஓட்டுப் போடும் வாய்ப்பு, பயத்தால் கைநழுவியிருக்கிறது. மக்கள் போட்டிருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்கலாம். ஆனால், அதை அவர்களே சொல்லியிருப்பார்கள் இல்லையா?

சட்டம் எந்த வாக்கியத்தைப் பிடிக்கிறது?

இணைந்த உடனே சட்டம் மாறிவிடவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1-ல்தான். அதுவரை பிரெஞ்சு தண்டனைச் சட்டம். நெப்போலியன் காலத்தில், 1810-ல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்துக்கு மிரட்டலைப் பற்றித் தனிக் கணக்கு இருந்தது. கடிதத்தில் எழுதி மிரட்டினால் கடுமை அதிகம். 'இவ்வளவு பணத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து வை' என்று நிபந்தனையும் இருந்தால் இன்னும் அதிகம். வாயால் சொன்னதாக இருந்தால், நிபந்தனை இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. வெறும் வாய்ச்சவடாலை அது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிளாக்மெயிலுக்கு பிரெஞ்சில் உள்ள சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 'ஷான்தாஜ்'. 'பாட வைப்பது' என்ற வழக்கில் இருந்து வந்தது. ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைப் பாட வைப்பது. நாம் 'கக்க வைப்பது' என்போம். அவர்கள் கொஞ்சம் நாகரிகமாகப் பாட விட்டிருக்கிறார்கள்.

இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய ஐ.பி.சி.யின் 503, 506, 507 பிரிவுகள் மூன்றும் இதில் 351 என்ற ஒரே பிரிவுக்குள் அடங்கிவிட்டன. சுருக்கமாக அது சொல்வது இதுதான். உங்கள் உடலுக்கோ, பெயருக்கோ, சொத்துக்கோ, அல்லது உங்களுக்கு வேண்டிய ஒருவரின் உடலுக்கோ பெயருக்கோ கெடுதல் செய்வதாக ஒருவர் எந்த வழியிலாவது மிரட்ட வேண்டும். அதன் நோக்கம், உங்களைக் கலங்க வைப்பதாக இருக்க வேண்டும். அல்லது நீங்கள் செய்யத் தேவையில்லாததைச் செய்ய வைப்பதாக, செய்ய உரிமை உள்ளதைச் செய்யவிடாமல் தடுப்பதாக இருக்க வேண்டும்.

இதில் மூன்று இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும்.

'உங்களுக்கு வேண்டிய ஒருவர்.' மகளைப் பற்றிய பேச்சு உள்ளே வருவது இங்கேதான். மிரட்டல் உங்களைக் குறித்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறந்துபோன ஒருவரின் பெயரைக் கெடுப்பேன் என்று அவருடைய குடும்பத்தை மிரட்டினால்கூட இந்தப் பிரிவு பொருந்தும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

'எந்த வழியிலாவது.' இது பழைய பிரிவில் இல்லை, புதிதாகச் சேர்ந்தது. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டோ, இன்ஸ்டா டி.எம்.மோ, ஒரு எமோஜியோகூட வழிதான்.

'நோக்கம்.' வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பெங்களூரில் ஒரு தம்பதி, போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் தங்களிடம் கடுமையாக நடந்துகொண்டதாக, போக்குவரத்து போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே எழுதினார்கள். அவர்கள் மீதே 506 பாய்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜனவரியில் ரத்தானது. கலங்க வைக்கும் நோக்கம் இல்லாமல் வெறுமனே வார்த்தைகளைச் சொல்வது குற்ற மிரட்டல் ஆகாது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஸ்டேஷனைப் பற்றிப் புகார் எழுதுவதே மிரட்டல் என்றால், அப்புறம் யார் எழுதுவார்கள்?

அதே மாதிரி, "உங்க மேல கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போடுவேன்" என்பதும் மிரட்டல் இல்லை. சட்டப்படி உங்களுக்கு இருக்கிற வழியைச் சொல்கிறீர்கள். கடைக்காரருக்குப் பயம் வரலாம், வரட்டும்.

தண்டனை? சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொலை, கொடுங்காயம், தீ வைத்துச் சொத்தை அழிப்பது, பெண்ணின் நடத்தையைப் பழிப்பது என்று மிரட்டினால் 7 ஆண்டு வரை. பெயரை மறைத்து மிரட்டினால் அதற்குத் தனியாக 2 ஆண்டு வரை கூடும். 2025-ல் ஜிப்மருக்கும் ராஜ்நிவாஸுக்கும் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்து, மோப்ப நாயோடு ஓடி ஓடித் தேடி, புரளி என்று முடிந்தது நினைவிருக்கும். அது இந்தக் கடைசி வகை.

351-வது பிரிவோடு ஒரே ஒரு உதாரணம் தரப்பட்டிருக்கிறது. 1860-ல் எழுதியது அப்படியே வந்திருக்கிறது. 'அ' மீது 'ஆ' ஒரு சிவில் வழக்கு நடத்துகிறார். அதைக் கைவிட வைப்பதற்காக, உன் வீட்டைக் கொளுத்துவேன் என்று 'அ' மிரட்டுகிறார். 'அ' குற்றவாளி. சட்டம் எழுதியவர்களுக்கு மிரட்டல் என்றதும் முதலில் தோன்றியது எரியும் வீடு.

சரி, ஜூஸ் கடை? 'பொண்ணு தனியாதான் வருது' என்ற ஒரு வரியை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கஷ்டம் என்றுதான் நான் பேசிய வழக்கறிஞர் அக்காவும் சொன்னார். "கூட என்ன இருக்குன்னு பாரு. போன வாரம் காசு கேட்டான், இவர் மறுத்தார், அதுக்கப்புறம் வந்து இதைச் சொன்னான். வரிசையா வெச்சாதான் நோக்கம் தெரியும். வரிசை இல்லைனா அது வெறும் நலம் விசாரிப்பு."

வரிசை சேர்ந்தால் வேறு கதவும் திறக்கிறது. 308-வது பிரிவு, பயமுறுத்திப் பறித்தல். பயத்தில் பணமோ பொருளோ கை மாறிவிட்டால் 7 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. பணம் கை மாறாவிட்டாலும், பறிப்பதற்காகப் பயத்தை உண்டாக்கியதே தனிக் குற்றம். புதுச்சேரிப் பேச்சில் இதற்கு ரொம்ப சாதுவான பெயர், மாமூல். 'வழக்கமானது' என்று பொருள். பயம் வழக்கமாகிவிட்டால் சொல்லும் சாதுவாகிவிடும் போல.

போனில் வரும் போலீஸ், விடாமல் அடிக்கும் ஏஜென்ட்

இந்தக் கட்டுரையைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்கு மிரட்டல் தெருமுனையில் வராது. போனில்தான் வரும்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' பற்றி எவ்வளவு எழுதியும் ஆட்கள் சிக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடியோ காலில் யூனிஃபார்மோடு தோன்றி, கேமராவை அணைக்காதே என்று உட்கார வைத்து, பணத்தை மாற்றச் சொல்லும் அதிகாரி எந்தத் துறையிலும் கிடையாது. படித்தவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கேலி செய்கிறோம். அவர்கள் ஏமாறவில்லை, மிரள்கிறார்கள். இரண்டும் வேறு. மிரளும்போது யோசிக்கிற பகுதி வேலை செய்யாது. அதனால்தான் அவர்கள் உங்களை போனை வைக்கவே விடுவதில்லை. போனை வைத்துவிட்டால் யோசித்துவிடுவீர்கள். வைத்துவிட்டு 1930-க்கு அடியுங்கள்.

லோன் ஆப் தொல்லையும் இதே குடும்பம். காண்டாக்ட் லிஸ்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புவேன், போட்டோவை மார்ஃப் செய்வேன் என்பது 351-ன் 'பெயருக்குக் கெடுதல்'. கடன் வாங்கியது உண்மையாகவே இருந்தாலும், அது மிரட்ட லைசென்ஸ் ஆகாது. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டிலேயே வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லிவிட்டது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம். கோரிமேடு பக்கம் ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று வாழ்கிறவர்களுக்கு, இந்தக் கோடு எவ்வளவு விநோதமானது என்று தெரியும்.

'சூழல்' திரும்ப வருகிறது

மேலே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளச் சொன்னேன். தனி வாக்கியத்தைத் தாண்டி, சூழலையே பார்க்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், நாம் போஷ் என்று சொல்வது. அதன் 3-வது பிரிவில், பாலியல் துன்புறுத்தலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. 'வேலை என்ன ஆகும் தெரியுமா' என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ மிரட்டுவது அதில் ஒன்று. ஒரு பெண்ணுக்கு அச்சுறுத்தலான, விரோதமான வேலைச் சூழலை உருவாக்குவது இன்னொன்று. 'மறைமுகமாக' என்பதை சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகார் தர 3 மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு.

ஆனால், பாலியல் அம்சம் இல்லாத சாதாரண மேனேஜர் மிரட்டலுக்கு இந்த மாதிரிக் கதவு இல்லை. "ரிலீவிங் லெட்டர் எப்படி வாங்குறேன்னு பாக்குறேன்", "இந்த இண்டஸ்ட்ரியே சின்னது, எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க." இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள், ஜூஸ் கடை வாக்கியத்தின் தம்பி. இதில் எந்தக் குற்றமும் எழுத்தில் இல்லை. என் முதல் வேலையில் இதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மிரண்டுதான் போனேன். நோட்டீஸ் பீரியட் முழுக்க அந்த மனிதர் கண்ணில் படாமல் வேறு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். இப்போது யோசித்தால், அவர் சொன்ன 'எல்லாரும்' யார் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இந்தச் சொல்லை நேராகவே பயன்படுத்துகிறது. அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வைக்குத் தெரியும் இடத்தில் ஒருவரை இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் 3-வது பிரிவின்படி குற்றம். சாதி சொல்லி மிரட்டும்போது சொல்கிறவரின் பின்னால் ஒரு ஊரே நிற்பதாக ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புக்குத்தான் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

புகார் கொடுப்பதில் ஒரு சிக்கல்

வெறும் மிரட்டலுக்கு மட்டும் புகார் என்றால், மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி அது போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் இல்லை. புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். விசாரணைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். "எஃப்.ஐ.ஆர். போடலையே" என்று பலர் நொந்துபோவது இதனால்தான். பணம் கேட்டது, கையில் ஆயுதம் இருந்தது, பின்தொடர்ந்தது, வீட்டுக்குள் நுழைந்தது என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் கதை மாறும். அதனால் புகாரில் 'மிரட்டினார்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். என்ன சொன்னார், அப்படியே அவர் வார்த்தையில். எப்போது, எங்கே, யார் கூட இருந்தார்கள், அதற்கு முன்பு என்ன நடந்தது.

போனில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மெசேஜை அழித்துவிடும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்று. புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவை; மூல மெசேஜும் போனும் இருந்தால்தான் வேலை சுலபம். ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், கண்ணில் படாது.

சாட்சிகளை மிரட்டுவதற்குத் தனிப் பிரிவு, 232. பொய் சாட்சி சொல்லும்படி மிரட்டினால் 7 ஆண்டு வரை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் அமலாக்கச் சொன்னது. இப்படி ஒன்று இருப்பதே பாதி சாட்சிகளுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, போன வாரம் மறுபடியும் அந்த ஜூஸ் கடைக்குப் போனேன். வழக்கறிஞர் அக்கா சொன்ன 'வரிசை' விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோர்த்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக் காட்டினார். ராகு காலத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், பால் பாயின்ட் பேனாவில்: 'சாயங்காலம் ஆறேகால். மறுபடி வந்தான். கறுப்பு பைக். நம்பர் பாதிதான் தெரிஞ்சுது. பொண்ணைப் பத்தி கேக்கல. ஒரு சாத்துக்குடி, காசு குடுக்கல.'

"மத்த கடைக்காரங்களும் எழுதுறாங்களாண்ணா?"

"மூணு பேர்கிட்ட சொல்லிருக்கேன்மா. பாப்போம்."